நான் சம்மன் கொடுத்த ராமசாமி

அந்தச் சம்மனில் கையெழுத்து வாங்கிய நாளில் வெயில் கடுமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னாளில் துறை விசாரணையில், "ஏன் வீடு வரைக்கும் போகவில்லை?" என்று கேட்டபோது நான் சொன்ன ஒரே காரணம் அதுதான். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "வெயில்னே எழுதிக்கட்டுமா?" என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். வேறு காரணம் என்னிடம் இல்லை.

சம்மன் கொடுக்கும் வேலைக்கும் அமீனா வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசும்படி கேட்டார்கள். உங்களில் பாதிப் பேர் பட்டதாரிகள். பெண்களும் இருக்கிறீர்கள். நான் சேர்ந்தபோது பத்தாம் வகுப்புப் படிப்பும் சைக்கிள் ஓட்டத் தெரிவதும் போதும். பெரம்பலூர், அரியலூர் என்று மாறி மாறி வேலை பார்த்தேன். முதலில் பல வருடம் வீடு வீடாகப் போய், "உங்க மேல வழக்கு இருக்கு" என்று சொன்னேன். அமீனாவான பிறகு, "தீர்ப்பு ஆயிருச்சு, வெளிய வாங்க" என்று சொன்னேன். இரண்டுக்கும் யாரும் நம்மை வாசலில் வரவேற்பதில்லை.

கொண்டுபோன காகிதங்களில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஒரே ஒரு வழக்கில் மட்டும் முதல் காகிதத்தையும் கடைசிக் காகிதத்தையும் நானே கொண்டுபோனேன். அதைத்தான் சொல்லப்போகிறேன். கேட்டு முடித்தபின் என்னைப் பற்றி உங்களுக்குப் பெரிய மதிப்பு இருக்காது. பரவாயில்லை, இந்த வயதில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்.

ரெட்டிபாளையம் தாண்டி, சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையில் ஒரு ஊர். அங்கே சாலையை ஒட்டி முப்பது சென்ட் நிலம். அது குடும்பப் பாகப்பிரிவினையில் தனக்கு வந்தது, பங்காளி ராமசாமி அதைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறார் என்று செல்வராசு என்பவர் வழக்குப் போட்டிருந்தார். செல்வராசு வாதி, ராமசாமி பிரதிவாதி. ராமசாமிக்கான சம்மன் என் கைக்கு வந்தது.

செல்வராசே எனக்குப் போன் செய்தார். "சார், நீங்க ஊருக்குள்ள வந்து அலைய வேணாம். ஆளு பஸ் ஸ்டாப்பு டீக்கடைக்கே வராரு. கையெழுத்து வாங்கிட்டு அப்படியே போயிரலாம்."

இது நடக்காத விஷயம் அல்ல. வழக்குப் போட்டவருக்கு வழக்கு சீக்கிரம் நகர வேண்டும். அவர் ஆளைக் காட்டிக்கொடுப்பார், நாமும் சரி என்போம். அன்று என் பையில் இன்னும் ஒன்பது சம்மன் இருந்தது.

டீக்கடை பெஞ்சில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், சலவை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். "இவருதாங்க" என்றார் செல்வராசு.

"நீங்கதான் ராமசாமியா?"

"ஆமாங்க."

"உங்க மேல வழக்கு இருக்கு. இதுல போட்டிருக்கற தேதிக்குக் கோர்ட்டுக்கு வந்துருங்க."

"வந்துடுறேங்க."

பேனாவை வாங்கி, 'மு. ராமசாமி' என்று நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். நல்ல கையெழுத்து. வழக்குப் போட்டவரும் வழக்கில் மாட்டியவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். எனக்கும் ஒரு டீ சொன்னார்கள். குடித்தேன். எதுவும் உறைக்கவில்லை. சம்மனின் பின்பக்கம், 'வாதி அடையாளம் காட்ட, பிரதிவாதியிடம் நேரில் கொடுத்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பினேன்.

ராமசாமி வாய்தாவுக்கு வரவில்லை. நேரில் சம்மன் வாங்கியவர் வராவிட்டால் கோர்ட் எத்தனை தடவை கூப்பிடும்? வாதி சொன்னதை மட்டும் கேட்டு ஒருதலையாகத் தீர்ப்பு ஆனது. தீர்ப்பை நிறைவேற்றி நிலத்தை எடுத்துக் கொடுக்கச் சொல்லி செல்வராசு மனுப் போட்டார். முதலில் போன வேறொரு அமீனா, வீடு பூட்டியிருக்கிறது, யாரும் இல்லை என்று எழுதி வாரன்டைத் திருப்பிவிட்டார். அதன் மேல், பூட்டை உடைக்கவும் போலீஸ் துணைக்கு வரவும் உத்தரவு வாங்கினார்கள். இதற்கெல்லாம் இரண்டரை வருடம் போயிற்று. அதற்குள் நானும் அமீனா ஆகியிருந்தேன். வாரன்ட் என்னிடம் வந்தது. பெயர்களைப் படித்தேன். ஒரு ஞாபகமும் வரவில்லை.

போய் இறங்கினால், வாரன்டில் சொன்ன நான்கு எல்லைக்குள் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை இருந்தது. பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட வீடு. கடை முன்னால் ஒரு லாரி சக்கரம் கழற்றப்பட்டு நின்றது. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்ட நாற்பது வயதுப் பெண் ஒருத்தி டயருக்குள் கம்பியை விட்டு நெம்பிக்கொண்டிருந்தாள். அவள்தான் வேம்பு. கணவனுக்கு ஜாக்கி நழுவி இடுப்பு ஒடிந்ததிலிருந்து கடையை அவளே நடத்துகிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். முதல் அமீனா வந்த அன்று வீடு பூட்டியிருந்ததும், அவனைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்ததால்தான்.

எங்கள் பக்கம் நான், சப்-இன்ஸ்பெக்டர், நான்கு போலீஸ்காரர்கள், செல்வராசும் அவர் ஆட்களும், சுவரை இடிக்க அவர் கூட்டிவந்திருந்த ஜேசிபி.

நான் வாரன்டைப் படித்தேன். அவள் கம்பியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எந்த ராமசாமி மேலங்க தீர்ப்பு?"

"மு. ராமசாமி. இந்த எடத்துல இருக்கறவரு."

"இந்த எடத்துல நாங்கதான் இருக்கோம். எங்க மாமனாரு அவருகிட்டேந்து கெரயம் வாங்கினது. பதிவு பண்ண பத்திரம் உள்ள இருக்கு."

செல்வராசு முன்னால் வந்தார். "பட்டா யாரு பேருல இருக்குன்னு கேளுங்க சார். இன்னிக்கும் ராமசாமி பேருலதான் இருக்கு. இவங்க அவருகிட்டக் கூலி வேலை பாத்த குடும்பம். பாவம்னு இருக்க விட்டாரு. பத்திரமாம் பத்திரம்."

"பட்டா மாத்தாதது எங்க தப்புதான்" என்றாள் வேம்பு. "மாமனாரு அலைஞ்சாரு, நடக்கல. ஆனா எடம் எங்களுது."

சப்-இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அமீனா சார், எனக்கு ரெண்டு மணிக்கு வேற பந்தோபஸ்து இருக்கு. எடுக்கறதா, இல்லையா?"

நான் அவளிடம், "சரிம்மா, அந்த ராமசாமி இப்ப எங்க இருக்காரு? அவரு வந்து வித்துட்டேன்னு சொல்லட்டுமே" என்றேன். பேச்சை முடிக்கத்தான் அப்படிக் கேட்டேன்.

"அவரு செத்து ஆறு வருசம் ஆச்சுங்களே. திருப்பூர்ல மச்சினன் வூட்டோட இருந்தாரு, அங்கேயே போயிட்டாரு. எங்க மாமனாரு கேதத்துக்குப் போயிட்டு வந்தாரு."

அப்போதுதான் அந்த டீக்கடை எனக்கு ஞாபகம் வந்தது. பெஞ்சும், சலவை வேட்டியும், அந்த நல்ல கையெழுத்தும். ஆறு வருடம் முன்னால் செத்தவரிடம் இரண்டரை வருடம் முன்னால் சம்மன் கொடுத்திருக்கிறேன். செல்வராசைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எனக்கு முன்பே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க சம்மன் கொடுத்த கேசு சார் இது. நீங்களே இப்பக் கொழப்பிக்காதீங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். நாளை நீங்களும் இப்படி ஒரு வாசலில் நிற்பீர்கள். வாரன்ட் கையில் இருக்கும்போது எதிரே நிற்பவர் எல்லாரும் தடை செய்கிறவர்களாகத்தான் தெரிவார்கள். தோற்றுப்போனவரின் ஆள் என்றால் நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் வழக்கிலேயே இல்லாத ஒருவர், "இது என் சொந்த உரிமை" என்று சொன்னால், அது உண்மையா பொய்யா என்று முடிவு செய்ய நீங்கள் யார்? நானும் இல்லை, போலீசும் இல்லை. அது கோர்ட்டின் வேலை. அவர் சொல்வதை அப்படியே எழுதி, வாரன்டைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். இடித்த பிறகு எழுதுகிற அறிக்கையால் சுவர் திரும்ப எழும்பாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று கால்மணி நேரம் யோசித்தேன். எடுத்துக் கொடுத்துவிட்டால் செத்தவர் சம்மன் வாங்கியது யாருக்கும் தெரியாமலே போகும். அந்தக் கால்மணி நேரமும் நான் அதைத்தான் யோசித்தேன்.

கடைசியில் ஜேசிபி ஓட்டுநரிடம் இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். வேம்பு சொன்னதை எழுதினேன். பத்திரத்தை வாங்கி எண்ணையும் தேதியையும் குறித்தேன். பக்கத்து வீட்டார் இருவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். செல்வராசு கத்தினார், கோர்ட் உத்தரவை மீறுவதாக என் மேலேயே மனுப் போடுவேன் என்றார். போடுங்கள் என்றேன். சப்-இன்ஸ்பெக்டர், "எதுவா இருந்தாலும் எழுதி எனக்கு ஒரு காப்பி கொடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

போகுமுன் வேம்புவிடம், "இன்னிக்கே ஒரு வக்கீலப் பாரும்மா. தீர்ப்புக் கொடுத்த அதே கோர்ட்டுல மனுப் போடணும்" என்றேன்.

"நான் அந்தக் கேசுலயே இல்லையேங்க. நான் எப்படிப் போடுறது?"

"இல்லாதவங்களும் போடலாம். உன் எடத்தை எடுக்க வந்திருக்காங்கல்ல, அது போதும். தள்ளிப் போடாத. இந்த வாரன்ட் திரும்ப வரும்."

அது வரைக்கும் நான் செய்தது சரி. அதன் பிறகு செய்ததுதான் சரியில்லை. கோர்ட்டுக்குத் திரும்பி அறிக்கை எழுதினேன். மூன்றாம் நபர் சொந்த உரிமை கோரித் தடுக்கிறார், பத்திரம் காட்டினார், பிரதிவாதி இறந்துவிட்டதாகச் சொல்கிறார். எல்லாம் எழுதினேன். அந்தப் பிரதிவாதிக்குச் சம்மன் கொடுத்தவன் நான்தான் என்பதையும், கொடுத்த விதத்தையும் மட்டும் எழுதவில்லை. மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓய்வுக்கும் அதிக வருடம் இல்லை. இப்படி நினைத்துப் பேனாவை மூடினேன்.

வேம்பு ஒரு வக்கீலைப் பிடித்தாள். ஜெயங்கொண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற இளம் பெண், பெயர் மலர்விழி. இரண்டு மூன்று வக்கீல்களைப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் வந்தாளாம். ஒருவர் புதிதாக வேறு வழக்குப் போட வேண்டும் என்றிருக்கிறார், இன்னொருவர் போலீசில் புகார் கொடு என்றிருக்கிறார். கோர்ட் வராந்தாவில் அவர்கள் பேசியது என் அறை வரைக்கும் கேட்டது.

"போலீசுக்கும் போலாம்க்கா, வேணாம்னு சொல்லல. ஆனா அது வாரன்டை நிறுத்தாது. வாரன்டை அனுப்பின கோர்ட்டுலதான் நாம நிக்கணும். எடம் யாருதுங்கறதையும் அவங்களே விசாரிக்க முடியும். முதல்ல ஒரு தடை உத்தரவு கேப்போம்."

"மோசடி பண்ணிட்டாங்கன்னு எழுதுங்க மேடம்."

"அந்த வார்த்தைய மட்டும் எழுதினா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. யாரு, என்னிக்கு, எங்க வெச்சு, எப்படி ஏமாத்தினாங்கன்னு எழுதணும்."

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் அங்க இல்லையே."

"அதுக்குத்தான் பழைய கேஸ் கட்டைப் பாக்கணும். வழக்குல இல்லாதவங்களும், எனக்கு ஏன் வேணும்னு காரணம் சொல்லி மனுப் போட்டா, எல்லாத்துக்கும் நகல் கெடைக்கும். நீங்க திருப்பூர் போயி இறப்புச் சான்று வாங்கிட்டு வாங்க. பத்திரம், கரண்ட் பில்லு, வீட்டு வரி ரசீது, எது இருக்கோ எல்லாம் எடுத்துட்டு வாங்க."

வேம்பு திருப்பூர் போனாள். ஒரு தடவையில் கிடைக்கவில்லை, மூன்று தடவை போனாள். இவள் இல்லாத நாட்களில் கடை மூடிக் கிடந்தது. தடை உத்தரவு கிடைத்தது. நகல்களும் கிடைத்தன. மலர்விழி அவற்றைப் படித்த அன்று மாலை, நான் பைக்கை எடுக்கப் போன இடத்தில் வந்து நின்றாள்.

"சார், சம்மன் பின்னாடி இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு எடம் எடுக்கப் போனதும் நீங்கதான். ராமசாமி எறந்துட்டாருன்னு அறிக்கைல எழுதினதும் நீங்கதான்." நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள். "உங்களைச் சாட்சியாக் கூப்பிடப் போறேன். முன்னாடியே சொல்லிடலாம்னு வந்தேன்."

கோபப்பட்டிருந்தாலாவது எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். அவள் வருத்தமாகச் சொன்னாள்.

எங்கள் தலைமை எழுத்தரிடம் போனேன். பெயர் வேண்டாம், இப்போது அவர் இல்லை. இந்த வேலையில் எனக்குத் தெரிந்த நல்லது எல்லாம் அவர் கற்றுக்கொடுத்தது. முன்பின் தெரியாத கிராமத்தில் எப்படி விசாரிப்பது, அழுகிறவர்களிடம் எப்படிப் பேசுவது, எதை வாங்கக் கூடாது, யார் பைக்கில் ஏறக் கூடாது, எல்லாம். அவரிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வருசக்கணக்கா ஆச்சு, ஆளோட மொகம் ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டுக் கூண்டைவிட்டு எறங்கிடு" என்றார். "அதை யாரும் தப்புன்னு சொல்ல முடியாது."

"எனக்கு ஞாபகம் இருக்கே சார்."

"அது உனக்கு மட்டுந்தானே தெரியும்."

என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். இன்றும் அவர்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் நல்லவர்கள் நமக்குச் சொல்லும் யோசனையில் நம் பிழைப்பு மட்டும்தான் இருக்கும், எதிரே நிற்பவரின் பிழைப்பு இருக்காது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். ஒரு வாரம் அந்த யோசனையோடு நடமாடினேன். இடையில் அரியலூர் பஸ் நிலையத்தில் செல்வராசு என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். "ஆளைக் காட்டினது நான், சரி. விசாரிக்காம கொடுத்தது நீங்க. கேசு எனக்குப் போனா வேலை உங்களுக்குப் போகும் சார்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் நிஜம்.

ஆச்சரியம் என்னவென்றால், அதைக் கேட்டபின் எனக்கு முடிவெடுப்பது சுலபமாகிவிட்டது. தானும் நானும் ஒரே பக்கம் நிற்பதாக அவர் நினைக்கிறார். 'ஞாபகம் இல்லை' என்று சொன்னால் அவர் நினைப்பது சரியாகிவிடும்.

சாட்சிக் கூண்டில் ஏறினேன். எத்தனையோ பேரை அங்கே ஏற்றியிருக்கிறேன், நான் ஏறியது அன்றுதான். மலர்விழி சம்மனைக் காட்டினாள். டீக்கடை, பெஞ்சு, செல்வராசு காட்டிய ஆள், எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்குப் போனீர்களா என்றாள், போகவில்லை என்றேன். ஊரில் யாரையாவது விசாரித்தீர்களா என்றாள், இல்லை என்றேன். பிறகு மலர்விழி, வேம்புவின் மாமனாருடைய கிரயப் பத்திரத்தை எடுத்து நீதிபதியிடம் கொடுத்தாள். விற்றவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ராமசாமியின் இடது கைப் பெருவிரல் ரேகை. கைநாட்டு.

"பத்திரம் எழுதினப்ப ராமசாமிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுங்கய்யா. எறந்து மூணரை வருசம் கழிச்சுச் சம்மன்ல நல்லாப் போட்டிருக்காரு" என்றாள்.

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். வேம்பு சிரிக்கவில்லை. செல்வராசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வராசின் வக்கீல் எழுந்து, அறிக்கை எழுதிய அன்று இதையெல்லாம் எழுதாதவர் இப்போது கதை கட்டுகிறார் என்றார். அது நியாயமான கேள்வி. நீதிபதியே என்னைப் பார்த்து, "ஏன் எழுதலை?" என்று கேட்டார்.

"பயமா இருந்துச்சுங்கய்யா" என்றேன். அதையும் பதிவு செய்தார்கள்.

வழக்குப் போடும்போதே இறந்துபோனவர் மேல் வாங்கிய தீர்ப்பு செல்லாது, அதை வைத்து வேம்பு குடும்பத்தை வெளியேற்ற முடியாது, பத்திரப்படி நிலம் அவர்களுடையது என்று உத்தரவு ஆனது. செல்வராசு மேல்முறையீடு செய்தார். அங்கேயும் தோற்றார். ஆள் மாறாட்டத்துக்குத் தனியாகக் குற்ற வழக்கு நடக்கிறது. டீக்கடை ராமசாமியை அரும்பாவூர்ப் பக்கம் கண்டுபிடித்தார்கள். சாட்சிக் கையெழுத்து என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாராம். நான் கேட்டபோது, "ஆமாங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்த வழக்கில் என் சாட்சியம் இன்னும் வரவில்லை. வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிப் போய்விட்டு வருகிறேன்.

எனக்கு மெமோ வந்தது, விசாரணை நடந்தது, ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அடுத்த பதவி உயர்வும் இல்லை. கூட வேலை பார்த்த சிலர், உண்மை சொன்னவனுக்கு இதுதான் கதி என்று என்னை வைத்துப் பேசினார்கள். அப்படிப் பேசாதீர்கள் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தண்டனை கிடைத்தது உண்மையைச் சொன்னதற்காக அல்ல. ஒரு வீட்டுக்கு நடந்து போகாததற்காக.

இப்போது நீங்கள் சம்மன் கொடுக்கும்போது போனில் படம் எடுக்கிறீர்கள், எந்த இடத்தில் கொடுத்தீர்கள் என்று அதுவே காட்டிவிடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் படத்தில் இருப்பவர் யார் என்று போன் சொல்லாது. அன்று என்னிடம் படம் எடுக்கிற போன் இருந்திருந்தால் ராமசாமி என்ற பெயரில் ஒரு நல்ல படமும் வழக்குக் கட்டில் சேர்ந்திருக்கும். வழக்குப் போட்டவர் காட்டுகிற ஆளை, வழக்கில் சம்பந்தம் இல்லாத இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். இடம் எடுக்கப் போகும்போது, வழக்கில் இல்லாதவர் யாராவது வாயைத் திறந்தால் கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள். எந்தக் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று அவருக்குச் சொல்வது சலுகை காட்டுவது ஆகாது. அவருக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது. உங்கள் தப்பு அதற்குள் இருந்தால் அதையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். நான் எழுதாத அந்த ஒரு பத்தியால் வேம்பு எத்தனை வாய்தா கூடுதலாக அலைந்தாள் என்று கணக்கிட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஓய்வு பெற்ற பின் ஒரு நாள் அவள் கடைக்குப் போனேன். மேல்முறையீடு முடிந்து சில மாதம் ஆகியிருந்தது. நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்துப் போனேனா என்று கேட்டால், கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடையில் லாரி எதுவும் இல்லை. வேம்பு ஒரு மொபெட் சக்கரத்தோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். கணவன் உள்ளிருந்து, "யாரு?" என்றான். "கோர்ட்டு சார்" என்றாள்.

"லாரியெல்லாம் வரதில்லையாம்மா?"

"வாய்தாவுக்குப் போறப்பல்லாம் பூட்டிக் கெடந்துச்சுல்லங்க. டிரைவருங்க தள்ளி இன்னொரு கடையப் பழகிட்டாங்க. அவங்களச் சொல்லி என்ன. அவங்களுக்கு லோடு போயி எறங்கணும்."

"பட்டா மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு."

"எப்படியோ ஜெயிச்சுட்டீங்க" என்றேன். எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

அவள் டியூபைத் தண்ணீரில் அழுத்தி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. எனக்குத்தான் வெளங்கல சார். நாலஞ்சு வருசம் அலைஞ்சு எங்க வூட்டை நாங்க வாங்கியிருக்கோம். முன்னாடியும் அது எங்க வூடுதான்."

குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் உப்புத்தாளைத் தேடினாள். அது என் காலடியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள்.